டொராண்டோ குளிருக்கு ஆளுக்கு ஒரே கோட்: எதைப் பார்த்து வாங்குவது?

மடிப்பாக்கம்_மாறன்

வணக்கம். ஜனவரி நடுவுல சென்னையிலிருந்து டொராண்டோ போறோம். வீடு ஸ்காபரோவுல, ஆபீஸ் டவுன்டவுன்ல. நான், மனைவி, நாலு வயசுப் பையன். முதல் வருஷம் கார் கிடையாது, பஸ்ஸும் சப்வேயும்தான். ஆளுக்கு ஒரு கோட், அதுவே ஆபீஸ், கடை, பார்க்னு எல்லாத்துக்கும் ஓடணும். வரி இல்லாம கோட்டுக்கு 350 கனடா டாலர் வரை ஒதுக்கியிருக்கோம்.

தேடத் தேடக் குழப்பம்தான் கூடுது. 700 ஃபில் இருக்கணும்ங்கறாங்க, மைனஸ் 40 தாங்கணும்ங்கறாங்க, மூணு லேயர் போட்டா கோட்டே தேவையில்லங்கறாங்க. இங்கேயே வாங்கிட்டுப் போறதா, அங்கே போய் வாங்குறதா? உள்ளே அடைக்கிறது டவுன்ங்கற பறவைத் தூவியா, சிந்தெட்டிக்ங்கற செயற்கைப் பஞ்சா? லேபிள்ல இருக்கிற மைனஸ் கணக்கை நம்பலாமா? மனைவி கோயிலுக்குப் புடவையில போவாங்க, அதுக்கு மேல எது சரிவரும்?

ஸ்காபரோ_வாசி

தம்பி, கோட்டைப் பிறகு பாப்பம், முதல்ல இந்த ஊர்க் குளிரை அளவா விளங்கிக்கொள்ளுங்கோ.

ரொறன்ரோவில ஜனவரிப் பகல் பூச்சியத்துக்குக் கிட்ட நிக்கும். இரவில மைனஸ் 6, 9 வரைக்கும் இறங்கும். மைனஸ் 20 எண்டது ஒரு வின்ரரில சில நாள்தான். ஆனால் காத்து இருக்குதே, அதுதான் ஆளைக் கொல்லுறது. மைனஸ் 10இல மணிக்கு 30 கிலோமீற்றர் காத்து அடிச்சால் உங்கட முகத்துக்கு அது மைனஸ் 20 மாதிரி. இதைத்தான் வின்ட்சில் எண்டு சொல்லுறது. வின்ட்சில் மைனஸ் 28ஐத் தாண்டினால் திறந்திருக்கிற தோல் 10 தொடக்கம் 30 நிமிசத்துக்குள்ள உறையலாம். அதுக்கு அடுத்த கிழமையே பிளஸ் 4, மழையும் பனியும் கலந்து கொட்டும், றோட்டு முழுக்க உப்புச் சேறு.

அதால ஆகலும் தடிப்பான கோட்டைத் தேடாதேங்கோ. பஸ் ஸ்ரொப்பில 15 நிமிசம் நிண்டால் தாங்கவேணும், பிறகு சூடான சப்வேக்குள்ள முக்கால் மணித்தியாலம் வேர்க்காமலும் இருக்கவேணும். இரண்டுக்கும் நடுவில பொருந்துறதுதான் உங்களுக்குத் தேவை. முதல்ல காத்துப் புகாத வெளித்துணி. பிறகு பின்பக்கத்தை மூடித் தொடை நடு மட்டும் வாற நீளம். பிறகு ஆழமான ஹூட். உள்ளுக்கு என்ன அடைச்சிருக்கு எண்டது நாலாவதுதான்.

சென்னையில கோட் வேண்டாதேங்கோ. அங்க கிடைக்கிறது கனக்க மணாலி, ஊட்டிக்கு அளவானது. தேர்மல் உள்ளுடுப்பு ஆளுக்கு இரண்டு சோடி, ஃபிளீஸ் எண்ட மெத்தெண்ட செயற்கைத்துணி மேலுடுப்பு ஒண்டு, மழை ஜக்கற் ஒண்டு, தொப்பி, கையுறை கொண்டுவாங்கோ. பியர்சன் எயார்போட்டில இருந்து வீட்டை போய்ச்சேர அது காணும். அடுத்த நாள் கடைக்குப் போகலாம்.

தையல்_கணக்கு

டவுன் பத்தி ஒரு விளக்கம், ஏன்னா கடையில அதிகம் ஏமாத்துறது இங்கேதான்.

டவுன்ங்கறது வாத்து, கூஸ் ரெண்டுக்கும் நெஞ்சுப்பக்கம் இருக்கிற தூவி. நடுத்தண்டு கிடையாது, பஞ்சு மாதிரி விரியும், விரிஞ்ச இடத்துல காத்தைப் பிடிச்சு வச்சுக்கும். வெப்பம் காக்கிறது அந்த அசையாத காத்துதான். ஃபில் பவர்ங்கறது ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரியுதுங்கற அளவு. 550, 650, 800னு போட்டிருப்பாங்க. அது தரத்தோட அளவு, சூட்டோட அளவு இல்லை. எத்தனை கிராம் அடைச்சிருக்காங்கன்னு தெரியாம அந்த எண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

கணக்கு போட்டுப் பாருங்க. 800 ஃபில், 150 கிராம்: 150 கிராம் கிட்டத்தட்ட 5.3 அவுன்ஸ், பெருக்கினா 4,200 கன அங்குலம். 600 ஃபில், 250 கிராம்: 8.8 அவுன்ஸ், பெருக்கினா 5,300. விலை குறைஞ்ச 600தான் ரெண்டுல சூடு கூட. 800க்குக் கூடுதலாக் கொடுக்கிற காசு எடை குறையறதுக்கும் சின்னதா மடிக்கிறதுக்கும். மலையேறுறவங்களுக்கு அது முக்கியம். பஸ்ஸுக்கு நிக்கிறவருக்கு எதுக்கு?

கிராம் கணக்கை நிறைய கம்பெனி போடுறதில்லை. கடைக்காரர்கிட்டக் கேளுங்க, இணையத்துல அந்த மாடல் பக்கத்துல பாருங்க. எங்கேயும் இல்லைன்னா கையால பார்க்கணும். நெஞ்சுப்பக்கத்துல ஒரு அறையை, அதாவது ரெண்டு தையலுக்கு நடுவுல தூவி அடைச்ச பகுதியை, ரெண்டு விரலால அழுத்தி விடுங்க. நல்ல தூவி உடனே எழும்பிடும். முதுகு, தோள், கைன்னு ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா காலியான திட்டுகள் தெரியும், முக்கியமா தோள் மேலயும் அக்குள் பக்கமும். அழுத்தும்போது குச்சி குச்சியாக் குத்தினா அது இறகு. 80/20னா 80 பங்கு தூவி, 20 பங்கு இறகு. 90/10 நல்லது, 80/20 நகரத்துக்குப் போதும். அதுக்குக் கீழ இருந்தா நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வெறும் 'இறகு நிரப்பியது'ன்னு போட்டிருந்தா அதைத் தொடவே வேண்டாம்.

வினிபெக்_காரன்

மாறன், ஸ்காபரோ அண்ணன் சொல்றது அவர் ஊருக்குச் சரிதானுங்க. எங்க ஊர்ல ஜனவரியில பகல் உச்சமே மைனஸ் 11, ராத்திரி மைனஸ் 21. இங்க லேயர்னு பேசிக்கிட்டு நின்னா கதை முடிஞ்சுடும். நல்ல கனமான டவுன் பார்க்கா, அதாவது ஹூட் வச்ச நீளக் குளிர்கோட் ஒண்ணு, முழங்காலுக்கு மேல வரைக்கும், அவ்வளவுதான். நீங்களும் அதையே வாங்குங்க. ஜிப்பைத் திறந்துவிட்டா மைனஸ் 2லயும் போடலாம். மெல்லிய கோட்டை வாங்கிட்டு மைனஸ் 20ல என்னத்தைத் திறந்துவிடுவீங்க?

ஸ்காபரோ_வாசி

அண்ணை, வினிபெக்கில காய்ஞ்ச குளிர், மழை இல்லை. அங்க டவுன் ராசாதான். இங்க டிசம்பரில மழை, மார்ச்சில மழை, ஜனவரியில ஈரப்பனி. சாதாரண டவுன் பார்க்காவின்ர வெளித்துணி தண்ணியைக் கொஞ்சநேரம் உருட்டிவிடும், பிறகு தையல் ஓட்டையால உள்ளுக்கு விடும். நனைஞ்ச தூவி கட்டிபட்டுப்போகும், வீட்டுக்குள்ள கொழுவிவிட்டாலும் காய ஒரு நாளுக்கு மேல. அவருக்கு ஒரே கோட்தானே? மற்ற நாள் எதைப் போடுறது?

ஜிப் திறந்துவிடுற கதையும் முழுசாச் சரிவராது. முன்பக்கம் குளிரும், முதுகு வேர்க்கும். பாக் கொழுவினால் இன்னும் மோசம்.

மலைநடை

ரெண்டு பேரும் சொல்றது சரிதான், ஆனா ரெண்டு பேரும் வெளித்துணியைச் சரியாப் பிரிச்சுச் சொல்லல.

லேபிள்ல ரெண்டு எண் இருக்கும். முதல் எண் தண்ணித் தாங்கும் அளவு, மி.மீ. கணக்குல. துணி மேல எவ்வளவு உயரத் தண்ணீர் அழுத்தம் வரை ஒழுகாதுங்கறது. 5,000 தூறலுக்கு, 10,000 நகர மழைக்கும் ஈரப்பனிக்கும் தாராளம், 20,000 நாள் முழுக்க வெளியில வேலை செய்றவங்களுக்கு. ரெண்டாவது எண் வேர்வை ஆவி வெளியேறும் அளவு, ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்னு. அதுவும் 10,000 இருந்தாப் போதும். 'நீர் புகாது'ங்கறதும் 'நீர் விலக்கும்'ங்கறதும் வேற வேற. நீர் விலக்கும்னா மேலே ஒரு பூச்சு மட்டும்தான், அடியில சவ்வு கிடையாது. 350 டாலருக்குள்ள இருக்கிற பெரும்பாலான டவுன் பார்க்கா இந்த ரகம்தான்.

எண்ணைப் பார்த்துட்டுத் தையலையும் பாருங்க. கோட்டை உள்பக்கம் திருப்பி, தோள்லயும் ஹூட்லயும் தையல் மேல பளபளன்னு நாடா ஒட்டியிருக்கான்னு பாருங்க. லைனிங் மூடியிருந்தா லேபிள்ல தையல் அடைச்சதுன்னு எழுதியிருக்கணும். நாடா இல்லாம 20,000 எண் இருந்து பிரயோஜனமில்லை.

டவுன் கோட்டுல இன்னொண்ணு: வெளியே வரி வரியாத் தையல் தெரியுதுன்னா அது வெளித்துணியையும் உள்துணியையும் நேராச் சேர்த்துத் தச்சது. ஒவ்வொரு தையல் கோட்டுலயும் தூவி பூஜ்யம். காத்து, தண்ணி ரெண்டுக்கும் அதுதான் வழி. வெளித்துணி வழவழன்னு தையலில்லாம இருந்து, டவுன் அறைகள் உள்ளே தனியாத் தொங்கினா நகரத்துக்கு அது எவ்வளவோ மேல்.

மடிப்பாக்கம்_மாறன்

நன்றி. அப்போ சிந்தெட்டிக் பக்கம் போயிடலாமா? அதுல எந்த எண்ணைப் பார்க்கணும்?

மலைநடை

சிந்தெட்டிக்ல ஃபில் பவர் கிடையாது. சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு பார்க்கணும். 60 மழைக்கால ஜாக்கெட். 100 பூஜ்யத்தைச் சுத்தி, ஃபிளீஸோட சேர்த்தா அதுக்கும் கீழ. உடம்புல 150 முதல் 200, கையில கொஞ்சம் குறைவு இருந்தா டொராண்டோவுக்கு ஃபிளீஸோட சேர்த்து நல்லாத் தாங்கும். பிரைமாலாஃப்ட், தின்சுலேட் ரெண்டும் இந்தப் பஞ்சுப் பேருங்கதான், கோட் கம்பெனி பேரு இல்லை.

நனைஞ்சாலும் ஓரளவு சூடு தரும், வேகமாக் காயும், வீட்டு மெஷின்ல பயப்படாமத் துவைக்கலாம், விலை குறைவு. குறை என்னன்னா அதே சூட்டுக்கு எடை கூட, கொஞ்ச வருஷத்துல படிஞ்சுபோகும். துவைக்கத் துவைக்க, தோள்ல பை மாட்ட மாட்ட அந்த இடம் தட்டையாகி அங்க குளிரும். நல்லாப் பராமரிச்ச டவுன் அதைவிடப் பல வருஷம் கூட வரும்.

தையல்_கணக்கு

இந்த இடத்துல என் கருத்து: மாறனுக்கு டவுனா சிந்தெட்டிக்காங்கறது தப்பான கேள்வி. நீர் புகாத வெளித்துணி, அதுக்குள்ள நடுத்தரமான பஞ்சு, தாராளமான அளவு. இது ஒரு கோட். அதுக்குள்ளே போட மெல்லிசா ஒரு டவுன் ஜாக்கெட், காலர் உயரம் குறைஞ்சது, தூவி 80–100 கிராம், தள்ளுபடியில 70–80 டாலருக்குக் கிடைக்கும். பிளஸ் 4 மழைக்கு வெளிக்கோட் மட்டும். மைனஸ் 5க்கு ஃபிளீஸோட. மைனஸ் 18க்கு டவுனோட. டவுன் எப்பவும் உள்ளே இருக்கிறதால நனையாது. ஆபீஸ்ல ஏசி மாதிரி குளிர்ந்தா உள் ஜாக்கெட்டைத் தனியாவும் போட்டுக்கலாம்.

வினிபெக்_காரன்

சரி, டொராண்டோவுக்கு ஒத்துக்கறேனுங்க. ஆனா ஒரு விஷயம். வெளிக்கோட்டு அளவு இறுக்கமா இருந்தா உள்ளே போடுற டவுன் நசுங்கிரும். நசுங்கின தூவியில காத்து ஏது? காசு குடுத்து வாங்கின சூடு போச்சு. அதனால அளவு பார்க்கும்போதே உள்ள போடப்போறதை எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் பார்க்கணும்.

அப்புறம் மைனஸ் கணக்குக் கேட்டிருந்தீங்க. நம்பாதீங்க. தூங்கும் பைக்கு ஐஎஸ்ஓ 23537னு பொதுச் சோதனை இருக்குது, குளிர்ல வேலை செய்றவங்க உடுப்புக்கு ஐரோப்பாவுல இஎன் 342 இருக்குது. கடையில விக்கிற சாதாரண கோட்டுக்கு அப்படிப் போட்டே ஆகணும்னு எதுவும் இல்லை. கனடா கூஸ் ஒண்ணுலிருந்து அஞ்சு வரை ஒரு அளவு வச்சிருக்குது, மூணுன்னா மைனஸ் 10 முதல் 20, அஞ்சுன்னா மைனஸ் 30க்கும் கீழ. அவங்க கோட்டுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட அது உதவும். அதையே இன்னொரு கம்பெனி போட்ட மைனஸ் 30ஓட ஒப்பிட முடியாது. நடக்கிறவர் உடம்பு சும்மா நிக்கிறவரைவிட ரெண்டு மடங்குக்கு மேல சூடு உண்டாக்கும். லேபிள் போட்டவர் யாரை நினைச்சுப் போட்டார்னு யாருக்குத் தெரியும்?

புடவையும்_பனியும்

புடவைக் கேள்விக்கு யாரும் வரல, நான் வரேன்.

புடவைக்கு இடுப்போட நிக்கிற கோட், தொடை நடுவோட நிக்கிற கோட் ரெண்டுமே வேலைக்காகாது. கொசுவம் காத்துல தூக்கும், அடியில குளிர் ஏறும். முழங்காலுக்குக் கீழ, கெண்டைக்கால் பாதி வரை வர்ற நீளக் கோட்தான். ஜிப் கட்டாயம் ரெண்டு பக்கமும் திறக்கிறதா இருக்கணும், அதாவது கீழேயிருந்தும் மேலே ஏத்தலாம். இல்லன்னா பஸ் படி ஏற முடியாது, உட்கார்ந்தா கோட் மார்புக்கு மேல தூக்கும். ஜிப் கீழ்முனையில புடவை சிக்காம இருக்க உள்பக்கம் ஒரு பட்டை ஓடுதான்னு பாருங்க. பட்டு ஒருதரம் ஜிப் பல்லுல மாட்டினா அவ்வளவுதான்.

புடவைக்குள்ள முதல்ல தடிமனான தேர்மல் லெக்கிங்ஸ், அது மேல பாவாடை. முந்தானையைத் தோள்ல மடிச்சுப் பின் குத்திட்டுக் கோட் போடுங்க, இல்லன்னா தோள்ல உருண்டையா நிக்கும். கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு சாணாவது மேல இருக்கட்டும். றோட்டு உப்பு கோட்லயும் ஜரிகையிலயும் வெள்ளை வெள்ளையாப் படியும். கோட்ல பட்ட உப்பை ஈரத்துணியால அன்னிக்கே துடைச்சா போயிடும், விட்டா ஜிப் ஸ்லைடரே பூத்துப்போய் இறுகிக்கும்.

இன்னொண்ணு. பெண்கள் கோட்ல இடுப்பை ஒடுக்கித் தைக்கிறது நிறைய. பார்க்க அழகு. உள்ளே ஃபிளீஸ் போட்டா இடுப்புல நசுங்கும், அங்கதான் முதுகு குளிரும். மாறன் மனைவிக்கு நேர் வெட்டா இருக்கிறதை எடுக்கச் சொல்லுங்க. ஆண்கள் பக்கத்துல சின்ன சைஸ் பார்க்கிறதும் தப்பில்லை, பாக்கெட் அங்கதான் பெரிசா இருக்கு.

ஸ்காபரோ_வாசி

அக்கா சொன்ன இரண்டு பக்க ஜிப் ஆம்பிளையளுக்கும் வேணும். தொடை மட்டும் வாற கோட்டோட பஸ் சீற்றில இருந்து பாருங்கோ தெரியும்.

கடையில போட்டுப்பாக்கேக்குள்ள இப்படிச் செய்யுங்கோ. ஃபிளீஸோட போய், கோட்டைப் போட்டு முழுக்கப் பூட்டுங்கோ. இரண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கோ, பஸ்ஸில கம்பி பிடிக்கிற மாதிரி. கீழ்விளிம்பு இடுப்புக்கு மேல ஏறக்கூடாது, கை முனை மணிக்கட்டை விட்டு இரண்டு விரலுக்கு மேல இறங்கக்கூடாது. கையை முன்னுக்குக் கட்டிப்பிடியுங்கோ, முதுகு இழுக்கக்கூடாது. ஹூட்டைப் போட்டுத் தலையை இடப்பக்கம் திருப்புங்கோ. ஹூட்டும் சேர்ந்து திரும்பவேணும். கண்ணுக்கு முன்னால ஹூட் லைனிங்தான் தெரிஞ்சால் றோட்டுக் கடக்கேக்குள்ள கார் தெரியாது. பின்பக்கம் ஒரு இழுப்பு, முன்னுக்கு இரண்டு இழுப்பு, விளிம்பில வளையிற கம்பி, இது மூண்டும் இருந்தால் அந்த ஹூட் காத்துக்கு நிக்கும். ஓரத்தில வாற மயிர் வெறும் வடிவுக்கில்லை, முகத்துக்கு முன்னால காத்தை உடைக்கும். செயற்கை மயிரே காணும்.

பிறகு கையுறையோட ஜிப்பைக் கொஞ்சத்தரம் பூட்டித் திறவுங்கோ. இதை ஆரும் செய்யிறேல்லை. ஜிப் சிக்கினால் கோட் முடிஞ்சுது.

தையல்_கணக்கு

ஜிப் பத்தி இன்னும் கொஞ்சம். இது என் விஷயம்.

ஸ்லைடரைத் திருப்பிப் பார்த்தா 5, 8, 10னு எண் இருக்கும், ஒய்கேகே மாதிரி நல்ல கம்பெனி ஜிப்ல. பூட்டின பல்வரிசையோட அகலம் ஏறக்குறைய அத்தனை மி.மீ. கனமான கோட்டுக்கு 5 போதாது. 8 அல்லது 10, பல் பல்லா இருக்கிற தடிமன் பிளாஸ்டிக். உலோகப் பல் அழகு, ஆனா குளிரைக் கடத்தும், ஈரம் பட்டு உறைஞ்சா இறுகும். மெல்லிய சுருள் ஜிப் வளையும், ஆனா மண், உப்பு சேர்ந்தா சீக்கிரம் வாயைப் பிளக்கும். ரெண்டு பக்க ஜிப்ல பிரச்சினை எப்பவும் அடியிலதான். ரெண்டு ஸ்லைடரும் கீழ முட்டி இறங்கினப்புறம்தான் ஊசியைக் குழிக்குள்ள முழுசாச் செருகணும். பாதி செருகிட்டு இழுத்தா முதல் ரெண்டு பல் தேஞ்சு, ஒரு சீசன்ல ஜிப் அடியிலிருந்து பிரியும். ஸ்லைடர் தளர்ந்தா மட்டும் மாத்த ஆல்டரேஷன் கடையில செலவு குறைவு. முழு ஜிப்பும் மாத்தினா கோட் விலையில நல்ல பங்கு போயிடும், டவுன் கோட்டுல தூவி வேற கொட்டும்.

ஜிப்புக்கு வெளியே மடிப்பு, அதை மூட பட்டனோ வெல்க்ரோவோ; உள்பக்கம் பஞ்சு அடைச்ச குழாய் மாதிரி ஒரு பட்டை. ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும். ரெண்டும் இல்லன்னா நெஞ்சுக்கு நேரா ஒரு கோடு முழுக்கக் காத்து வரும். மேல முனையில தாடை உரசாமத் துணி மடிச்சிருக்கான்னு பாருங்க, மைனஸ் 15ல அது தெரியும்.

கை முனை: உள்ளே தள்ளி வச்ச ரிப் (இழுபடுற பின்னல் பட்டை) நல்லது, வெளியே தெரியிற ரிப் பனியில ஊறி உறைஞ்சுக்கும். துணி காத்துப் புகுமான்னு தெரியணும்னா வெளித்துணியும் லைனிங்கும் சேர்த்து வாயில வச்சு ஊதிப்பாருங்க. மறுபக்கம் கையில காத்து தெரிஞ்சா வச்சிடுங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

மடிப்பாக்கம்_மாறன்

த்ரீ இன் ஒன்னுன்னு விக்கிறாங்களே, வெளிக்கோட்டும் உள் ஜாக்கெட்டும் ஜிப் போட்டுச் சேர்த்தது, அது நீங்க சொல்ற திட்டம்தானே? ஆபீஸுக்குக் கம்பளி ஓவர்கோட் பார்த்தேன், அது?

மலைநடை

திட்டம் அதேதான், செய்திருக்கிற விதத்துலதான் வித்தியாசம். 200 டாலர் த்ரீ இன் ஒன்ல வெளிக்கோட்ல பஞ்சே இருக்காது, உள்ளே மெல்லிய ஃபிளீஸ். மைனஸ் 10 காத்துல நிக்க முடியாது. உள் ஜாக்கெட்ல குறைஞ்சது 100 கிராம் பஞ்சோ டவுனோ இருந்தா எடுங்க. நீளமும் பாருங்க, இந்த வகையில நிறைய இடுப்போடயே நின்னுடும். மணிக்கட்டுல உள் ஜாக்கெட்டைப் பிடிக்கிற சின்ன வளையம் இல்லன்னா கழட்டும்போது கை உள்ளேயே மாட்டிக்கும். நல்லது கிடைச்சா லாபம், ஆனா தனித்தனியா வாங்கினா ஒண்ணு போனா ஒண்ணை மட்டும் மாத்தலாம்.

கம்பளி ஓவர்கோட் பூஜ்யத்துலயும் மைனஸ் 5லயும் காத்தில்லாத நாளுக்கு. கழுத்து திறந்திருக்கும், ஹூட் கிடையாது, ஈரப்பனியில கனக்கும். முதல் கோட்டா வேண்டாம். டவுன்டவுன்ல பார்க்கா போட்டு ஆபீஸ் போறது சாதாரணம், கறுப்பிலோ கடற்படை நீலத்திலோ எடுத்தா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு, பார்க்கா உள்ளே போடுற சூட் ஜாக்கெட்டை முழுசா மூடணும். சூட் ஜாக்கெட் விளிம்பு கீழே தொங்கினாத்தான் அசிங்கம்.

ஸ்காபரோ_வாசி

விலைக் கணக்கு. ஒன்ராறியோவில 13 வீதம் வரி. 350 டொலர் கோட் கையில வரேக்குள்ள 395.50. பிள்ளையின்ர உடுப்புக்கு மாகாண வரி இல்லை, 5 வீதம் மட்டும்.

டிசம்பர் 26 பொக்சிங் டேயோட விலைக்கழிவு தொடங்கும், ஜனவரி கடைசியில இன்னும் இறங்கும், ஆனால் நடுத்தர அளவுகள் முதல்ல முடிஞ்சுபோகும். மார்க்ஸ், எம்.ஈ.சி., வின்னர்ஸ், கொஸ்ட்கோ எண்ட நாலு கடையையும் சுத்திப் பாருங்கோ. கொஸ்ட்கோவுக்கு உறுப்பினர் அட்டை வேணும். எங்க வேண்டினாலும் திருப்பிக் குடுக்கிற நாள் எத்தினை எண்டு பில்லில பாருங்கோ; கோட்டில தொங்கிற விலை அட்டையை வெட்டாமல் வீட்டுக்குள்ள ஒருக்கால் முழு உடுப்போட போட்டுப்பாத்த பிறகுதான் வெட்டுறது.

பழசு வேண்டுறதும் நல்லது, வலியூ விலேஜ் மாதிரிக் கடையளில நல்ல கோட் வரும். ஆனால் கழுத்தடியை மோந்து பாருங்கோ, புகையும் பூஞ்சணமும் போகாது. அறைகளைத் தடவிப்பாருங்கோ, தூவி அடியில உருண்டு நிண்டால் பிழையாத் துவைச்சது. கனடா கூஸ் 150 டொலருக்கு இணையத்தில ஆரும் வித்தால் அது கூஸும் இல்லை, கனடாவும் இல்லை.

மடிப்பாக்கம்_மாறன்

நல்லாச் சொன்னீங்க அண்ணா. பையனுக்கும் இதே கணக்கா?

புடவையும்_பனியும்

இல்லை. நாலு வயசுக்குக் கோட்டைவிட ரெண்டு துண்டு ஸ்னோசூட் நல்லது: ஜாக்கெட், தோள்பட்டை வச்ச பனிப் பேன்ட். பனியில உட்காருவான், உருளுவான், அதனால சிந்தெட்டிக் மட்டும், டவுன் வேண்டாம். பள்ளியில தானே போட்டுக்கணும், அதனால பெரிய ஜிப், வெல்க்ரோ பூட்ஸ், விரல் பிரியாத முழுக் கையுறை. கையுறை ரெண்டு சோடி, ஒண்ணு நனைஞ்சிருக்கும்போது மற்றது. கழுத்துக்கு மஃப்ளர் வேண்டாம், விளையாடும்போது மாட்டிக்கும். தலைவழியாப் போடுற கழுத்துக்குழாய் எடுங்க. ஒரு சைஸ் பெரிசு போதும், ரெண்டு சைஸ் பெரிசுன்னா கால் தடுக்கும்.

டாக்ஸியில கார் சீட்ல உட்கார வச்சா உப்பலான கோட்டோட பெல்ட் போடாதீங்க. மோதும்போது பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துடும். கோட்டைக் கழட்டி, ஃபிளீஸோட பெல்ட்டை இறுக்கி, கோட்டை மேல திருப்பிப் போர்த்திவிடுங்க.

வினிபெக்_காரன்

எல்லாரும் கோட்டையே பேசறீங்க. தலை, கை, கால் மூடலைன்னா 1,000 டாலர் கோட்டும் வீணுங்க. பூட்ஸ் ஒரு அரை சைஸ் பெரிசா எடுங்க, தடிமன் சாக்ஸ் போட்டா கால் விரல் அசையணும். இறுகினா ரத்தம் ஓடாது, அப்புறம் எந்த சாக்ஸும் உதவாது. உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையை வச்சுக்கிட்டுக் குளிர வைக்கும்.

மலைநடை

வாங்கினப்புறம் பராமரிப்பு. வெளித்துணி மேல தண்ணி உருண்டு ஓடாமத் துணி கறுத்து ஊற ஆரம்பிச்சா பூச்சு போச்சுன்னு அர்த்தம், கோட் போச்சுன்னு இல்லை. முதல்ல துவைங்க, அழுக்கும் தோல் எண்ணெயும்தான் பாதிக் காரணம். லேபிள் அனுமதிச்சா டிரையர்ல குறைஞ்ச சூட்டுல போட்டா பூச்சு கொஞ்சம் திரும்ப வரும். அதுக்கும் சரிவரலன்னா தெளிக்கிற பூச்சு வாங்குங்க. இப்போ வர்ற ஃபுளோரின் இல்லாத பூச்சு எண்ணெயைத் தாங்காது, அதனால கழுத்து, கை முனை சீக்கிரம் ஊறும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் எதுக்குமே கூடாது.

டவுனை முன்பக்கக் கதவு மெஷின்ல மட்டும், டவுனுக்குன்னு விக்கிற திரவத்துல. நடுவுல தூண் சுழலும் மெஷின் தையலைக் கிழிக்கும். ஜிப், வெல்க்ரோ எல்லாம் பூட்டி, மென்மையான சுற்று, அலசல் ரெண்டு தடவை. பிறகு டிரையர்ல குறைஞ்ச சூடு, ரெண்டு மூணு டென்னிஸ் பந்தோட. ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். அரை மணிக்கு ஒருதரம் எடுத்து உதறி, கட்டிகளை விரலால பிரிச்சுவிடுங்க. வெளியே காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே கட்டி இருந்தா இன்னும் ஈரம்தான். அப்படியே வச்சா நாறும். ஒரு சீசனுக்கு ஒருதரம் துவைச்சாப் போதும்.

புடவையும்_பனியும்

இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். குளிர்காலத்துல ஜன்னல் திறக்க மாட்டோம், தாளிப்பு வாசனை முழுக்கக் கோட்ல ஏறும். லைனிங்கும் ஃபிளீஸும் ரொம்பப் பிடிச்சுக்கும். சமைக்கும்போது வாசல் அலமாரிக் கதவு மூடியிருக்கணும், கோட்டை நாற்காலி மேல போடக்கூடாது, அடுப்பு மேல இருக்கிற ஃபேன் ஓடணும். ஏறிடுச்சுன்னா காஞ்ச மைனஸ் 10 நாள்ல பால்கனியில ரெண்டு மணி நேரம் தொங்கவிடுங்க, பெரும்பாலும் போயிடும். வாசனை ஸ்பிரே மேல அடிச்சா ரெண்டும் சேர்ந்து இன்னும் மோசம்.

மடிப்பாக்கம்_மாறன்

எனக்குத் தொடை நடு வரை வர்ற நீர் புகாத பார்க்கா, உடம்புல 150 கிராம் சிந்தெட்டிக், உள்ளே மெல்லிய டவுன். மனைவிக்குக் கெண்டைக்கால் வரை, நேர் வெட்டு, ரெண்டு பக்க ஜிப். ரெண்டையும் அங்கே போய்ப் போட்டுப்பார்த்து வாங்குறோம். அவங்க கோட் டவுனா இருக்கலாமா? வாரநாள்ல அவங்க அதிகம் வெளியே போக மாட்டாங்க.

தையல்_கணக்கு

இருக்கலாம். நீளக் கோட்டுல சிந்தெட்டிக் கனக்கும், டவுன் லேசு. மழை நாளுக்கு நீங்க கொண்டுபோற மழை ஜாக்கெட், ஃபிளீஸ் போதும். தூவி 200 கிராமுக்குக் குறையாம, வெளித்துணி தையலில்லாம வழவழன்னு, ஹூட் கழட்டுறதா இருந்தா பட்டனைவிட ஜிப் வச்சது. பட்டன் இடைவெளியில கழுத்துக்குள்ள காத்து இறங்கும்.